தலைக்கட்டுக் கலை பயிலும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,



ஹைதராபாத்தின் மெஹ்திப்பட்டணத்தில் மணப்பெண் அலங்காரத் தொழிலை ஆரம்பித்திருக்கும் நீ, ஹிஜாபைத் தலைப்பாகையாகக் கட்டும் முறைகளை எழுதி அனுப்பும்படி கேட்டிருக்கிறாய். முறைகளைச் சொல்லுகிறேன். ஆனால் எத்தனை கட்டுகள் தெரியும் என்பதைவிட, முன்னே வந்து உட்காரும் பெண்ணுக்கு, இன்று அவள் செய்யப்போகும் காரியத்துக்கு, எந்தக் கட்டுப் பொருந்தும் என்று அறிகிற விவேகமே இத்தொழிலுக்கு ஜீவன் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகையால் ஒவ்வொரு முறையையும் அதைக் கட்டிக்கொள்ளுகிறவளோடு சேர்த்தே சொல்லுவேன்.

நீ தொழில் செய்யும் ஊர் தலைக்கட்டின் மகிமையை நன்கு அறிந்த ஊர். நிஜாம் தர்பாரில் தலையில் தஸ்தார் என்னும் தலைப்பாகையும் இடையில் பக்லூஸ் என்னும் கச்சையும் அணியாமல் பிரபுக்கள் பிரவேசிக்கும் வழக்கம் அந்நாளில் இருந்ததில்லை. திவானாயிருந்த முதலாம் சாலார் ஜங்கின் சித்திரங்களையும், ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் சித்திரங்களையும் பார்த்தால், அந்தத் தஸ்தாரின் மடிப்புகளில் எவ்வளவு சிரத்தை சென்றிருக்கிறது என்பது விளங்கும். 1876இல் தோன்றிய ஜாமிஆ நிஜாமியாவில், கல்வியைப் பூர்த்தி செய்தவர்களுக்குத் தஸ்தார் கட்டிக் கௌரவிக்கும் விழா இன்றும் நடைபெறுகிறது. நம் தமிழ்நாட்டுக் கோயில்களில் பெரியவர்களுக்குப் பரிவட்டம் கட்டுவதும் இதே மரியாதைதான். தலையில் துணி சுற்றுவது அந்தத் தலைக்கு உரியவரை மதிப்பதாகும் என்ற எண்ணம் உன் விரல்களில் முதலில் இறங்க வேண்டும்.

இனி, துணியைக் கவனி. ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள ஷால் இந்தக் கட்டுகளுக்குப் போதும். மதீனா பில்டிங் பக்கத்துக் கடைகளில் ஷிஃபானும் ஜார்ஜெட்டும் கண்ணைப் பறிக்கும். ஆயினும் அவை வழுக்கும் ஜாதி. உள்ளே பருத்தித் தொப்பி இல்லாவிட்டால் நில்லா. நைஜீரியாவில் யொரூபாப் பெண்கள் கட்டும் கெலே தலைக்கு மேல் விசிறிபோல் நிமிர்ந்து நிற்பதற்குக் காரணம் துணியின் விறைப்பே. அந்த உருவத்தை மெல்லிய ஷிஃபானிடம் எதிர்பார்ப்பது வீண். தொடங்கும்போது விஸ்கோஸிலும் மெல்லிய பருத்தியிலும் கை பழகு.

எல்லாக் கட்டுக்கும் ஆதாரமான முறை இது: ஷாலின் நடுவை நெற்றியின் மேல்விளிம்பில் வைத்து, இரு முனைகளையும் காதுகளுக்குப் பின்னால் பிடரிக்குக் கொண்டுபோய், ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு இறுக்கி, மறுபடியும் முன்னே கொண்டுவந்து, உச்சியின் முன்புறத்தில் படிந்து கிடக்கும்படி குறுக்கிட்டு, மீந்த நுனிகளைப் பக்கங்களில் செருகுவது. பின்மண்டையில் புடைத்திருக்கும் எலும்பை விரலால் தடவிப் பார். துணியின் குறுக்கீடு அதற்குக் கீழே அமைந்தால் கட்டு மாலைவரை அசையாது. மேலே அமைந்தால் சிறிது நேரத்திலேயே மெல்ல மெல்ல ஏறிக் கழன்றுவிடும். கண்ணாடியில் தெரிகிற முன்புறத்தையே நாள் முழுவதும் திருத்திக்கொண்டிருப்பவர்கள் இந்த ஓர் இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

மெல்லிய துணிக்குக் கனம்போலத் தோற்றம் தர வேண்டுமானால், பிடரியில் குறுக்கிட்டபின் ஒவ்வொரு முனையையும் வடம்போல முறுக்கித் தலையைச் சுற்றிக் கொண்டுவா. கல்யாணத்துக்கோ விருந்துக்கோ அலங்காரம் மிகுதியாக வேண்டுமென்றால், துணியின் நடுவைப் பிடரியில் வைத்துத் தொடங்கி, இரு முனைகளையும் முன்னே கொண்டுவந்து சேர்த்து முறுக்கி, ரோஜாப்பூ வடிவில் சுருட்டி நுனியை அடியில் மறைத்துவிடு. ஒரு முனையைக் குட்டையாகவும் மற்றதை நீளமாகவும் விட்டு, நீண்டதைத் தலையைச் சுற்றிச் செருகி, குட்டையானதை மோவாய்க்குக் கீழே கழுத்தின்மேல் இழுத்து எதிர்த்தோளில் ஊக்குக் குத்துவது, தலைப்பாகையின் கம்பீரத்தையும் ஹிஜாபின் மறைப்பையும் ஒருங்கே தரும் முறை.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைத்துணியை மார்பின்மேல் தொங்கவிடும்படி குர்ஆனில் சூரா அந்நூரின் 31ஆம் வசனம் சொல்லுகிறது. ஆகவே தலைப்பாகைக் கட்டு மட்டும் போதாது, கழுத்தும் மறைய வேண்டும் என்று உலமாக்கள் பலர் கருதுகிறார்கள். தீர்ப்புச் சொல்லும் ஸ்தானம் உன்னுடையதன்று. எவ்வளவு மறைக்க வேண்டும் என்று கட்டத் தொடங்குமுன் கட்டிக்கொள்ளும் பெண்ணிடமே கேள்; தாயாரையோ மாமியாரையோ பார்த்துக் கேளாதே. கழுத்துவரை ஏறும் உள்ளங்கிகளைச் சில நிறங்களில் எப்போதும் கைவசம் வைத்திரு.

தொழுகையையும் நினை. ஒளுச் செய்துவிட்டு வந்து உட்காரும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஈரக்கையால் தலையைத் தடவும் மஸ்ஹு செய்வதற்காகக் கட்டை அவிழ்க்க நேராது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் நம் கீழக்கரை, காயல்பட்டினத்துப் பெண்களுக்கு ஸஜ்தாவில் வெறும் நெற்றி தரையில் பட வேண்டுமாதலால், கட்டின் ஓரம் கீழே இறங்கலாகாது. முன்புறப் பூமுடிச்சும் அவர்களுக்குத் தொழுகை நேரத்தில் இடையூறாகும். கட்டி முடித்ததும் கட்டிக்கொண்டவளைக் குனியச் சொல், சிரிக்கச் சொல், மெல்லுவதுபோல் வாயை அசைத்துக் காட்டச் சொல். கன்னப்பொறிக்கும் துணிக்கும் நடுவே உன் விரல் ஒன்று தாராளமாக நுழைகிறதா என்று பார். இறுக்கம் தலைவலியைத் தரும். நாள்தோறும் இழுபட்டால் நெற்றியோரத்து மயிரும் உதிரும். ஈரக் கூந்தலின்மேல் ஒருபோதும் கட்டாதே.

ஹைதராபாத் மணப்பெண்ணுக்கு ஆறு கஜக் கடா துப்பட்டாவோடு டீக்காவும், பக்கவாட்டில் ஜூமரும், காதை மூடும் கரன்பூலும் வரும். கரன்பூலின் பாரத்தைத் தாங்கும் சங்கிலியைச் சாதாரணமாகக் கூந்தலில் மாட்டுவார்கள். கூந்தல் மறைந்திருக்கும்போது காதுமடலே அப்பாரத்தைச் சுமக்க நேரும். உள்தொப்பியின் தையலில் காதுக்கு மேலே சிறு நூல் வளையம் ஒன்று தைத்து அதில் கொக்கியை மாட்டு. ஜூமருக்கும் அப்படியே. நகையை ஷாலில் குத்தினால் துணி கிழியும். தொப்பியில் மாட்டினால் மணப்பெண் இரவுவரை நிம்மதியாக இருப்பாள்.

ஸ்கூட்டரில் கல்லூரிக்குச் செல்லும் பெண் வந்தால், முடிச்சும் முறுக்கும் இல்லாமல் தட்டையாகக் கட்டு. கொண்டையையும் தாழ்த்திப் போடு. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தரும் விலக்கு இந்தக் கட்டுக்குக் கிடையாது. ஹெல்மெட் அவள் தலையில் சரியாக அமர்ந்தே ஆக வேண்டும்.

உன் ஊர் ரெட்ஹில்ஸில் உள்ள எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, மயிர் உதிர்ந்த தலையோடு எந்த மதத்துப் பெண்ணும் உன்னிடம் வரலாம். அப்போது ஊக்கும் குண்டூசியும் வேண்டாம். தையல் உறுத்தாத மிருதுவான பருத்தித் துணி போதும். கூந்தல் இல்லாத தலையில் கட்டுச் சரியுமாதலால், உள்ளே துணியை இரண்டு மடிப்பாக வைத்துச் சிறிது பருமன் உண்டாக்கு. கண்ணாடியை அவள் கேட்கும்போது கொடு. அவளிடம் கூலி வாங்காதே என்று உன் மூத்தவள் என்ற உரிமையில் சொல்லுகிறேன்.

கடைசியாக, யாருக்குக் கட்டினாலும் ஒரு முறை நீ கட்டிக் காட்டி, அவிழ்த்து, அவள் கையாலேயே மறுபடி கட்டச் செய்து அனுப்பு. அவள் கற்றுக்கொண்டால் தொழில் குறைந்துவிடும் என்று சிலர் உன்னைப் பயமுறுத்துவார்கள். தன் கையால் கட்டத் தெரிந்தவளுக்கே நல்ல கட்டின் அருமை தெரியும். தன் கல்யாணத்துக்கும் தங்கையின் கல்யாணத்துக்கும் அவள் தேடி வருவது உன்னைத்தான். அல்லாஹ் உன் கைத்தொழிலில் பரக்கத் செய்வானாக.

உன் நன்மையை நாடும்,
ராத்தா