பழம்பொன்னைத் தூய்மை செய்வதில் நேரும் குறைகளும் காரணங்களும்

புணே நகரத்துச் சோன்யா மாருதி சதுக்கத்தை அடுத்த நகைக் கடைத் தெருக்கள் பெயர் பெற்றவை. பழைய நகைகளை உருக்கிப் பொன்னைப் பிரிக்கும் தொழில் மராத்தியில் 'கலாயி' எனப்படும். புணேக்குத் தெற்கே, சாங்கலி மாவட்டத்து விட்டா, ஆட்பாடி வட்டாரங்களைச் சேர்ந்த பல குடும்பங்கள் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் இத்தொழிலை நடத்தி வருகின்றன. பழகியோர் கையில் எளிதாகத் தோன்றும் இம்முறை, வீட்டில் செய்வோர் கையில் அடிக்கடி பிழைபடுகிறது. அப்பிழைகளின் காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, நைட்ரிக் அமிலத்தில் இட்ட உலோகம் கரையாதிருத்தல். பொன்னின் பங்கு மிகுந்தால், அது வெள்ளியையும் செம்பையும் அமிலம் தீண்டாதவாறு மறைத்துக் காக்கிறது. எனவே கலவையில் பொன் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். 22 காரட் நகை 10 கிராமில் பொன் 9.16 கிராம், ஏனையவை 0.84 கிராம். பொன்னைப்போல் மும்மடங்கு பிற உலோகம் அமைய, சுமார் 26.6 கிராம் வெள்ளி சேர்த்து உருக்க வேண்டும்.

இரண்டாவது, கரைசல் பால்போல் வெளுத்தல். குழாய் நீரிலுள்ள குளோரைடு வெள்ளியுடன் கூடி, கரையாத வெள்ளிக் குளோரைடாகிறது. வாலைவடி நீரைப் பயன்படுத்துவதே பரிகாரம். வெள்ளி மிகுந்த நகையை இராஜ திராவகத்தில் இட்டால், இதே பொருள் மேலே படிந்து வினையைத் தடுக்கும்.

மூன்றாவது, இராஜ திராவகத்தில் கரைந்த பொன், அன்னபேதி இட்டும் படியாதிருத்தல். எஞ்சிய நைட்ரிக் அமிலமே காரணம். அது அன்னபேதியை வீணாக்குவதோடு, படிந்த பொன்னை மீண்டும் கரைக்கவும் செய்யும். ஆதலின் நைட்ரிக் அமிலத்தைத் தேவைக்கு மேல் சேர்த்தல் கூடாது.

நான்காவது, கரைசல் ஊதா நிறமடைதல். பற்றுப்பொடியிலிருந்து வந்த வெள்ளீயம், பொன்னை வடிகட்டியிலும் தங்காத நுண்துகளாக்குகிறது. இது 'காசியஸ் ஊதா' எனப்படும். கரைசலில் பொன் உண்டா என அறியும் சோதனையும் இவ்வினையையே அடிப்படையாகக் கொண்டது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

ஐந்தாவது, படிந்த தூள் பழுப்பாக இருத்தல். இது குறையன்று. நுண்துகளான பொன் பழுப்பாகவே தோன்றும். உருக்கியபின் தன் நிறம் பெறும். இதனை அழுக்கென்று கருதிக் கொட்டிவிட்டால் பொன்னை இழக்க நேரும்.

இவையாவும் பொருள் நட்டத்தோடு முடிவன. உயிருக்கே ஊறு செய்வன இரண்டு உள. நைட்ரிக் அமிலம் வினைபுரிகையில் எழும் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தாழ்ந்து தங்கும். அதைச் சுவாசித்தவர் சிறிது இருமலோடு நலமாகவே தோன்றுவார். பல மணி நேரம் கழித்தே நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே அன்றிரவு அவரைத் தனியே விடாது, உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மற்றொன்று காட்மியம். காட்மியப் பற்றுவைத்த பழைய நகைகளை உருக்கும்போது, பொன் உருகும் 1064 பாகைக்கு முன்னரே, 767 பாகை செல்சியசில், காட்மியம் கொதித்து நச்சாவியாகிறது.

ஆவியை வெளியேற்றும் கூண்டும் புகைபோக்கியும் இல்லாத வீட்டில் இத்தொழிலைச் செய்யலாகாது. களப்பணியாளர் பட்டறைகளுக்குச் செல்லுங்கால், பொன்னின் மாற்றை விசாரிக்குமுன் புகை செல்லும் வழியை விசாரிப்பாராக.