சின்ன நிலத்தில் பெரிய அறுவடை: ஸ்டார்ட்யூ வேலி

ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. செவ்வாப்பேட்டையில் அப்படி ஒரு மனை வாங்குபவர் வீடு, கிணறு, தென்னை எல்லாவற்றையும் முதலில் பேப்பரில் வரைந்து பார்ப்பார். கம்ப்யூட்டரில் விவசாயம் செய்யவும் இதே பழக்கம் வேண்டும்.

பேஸ்புக்கில் 2009ல் வந்து புகழ் பெற்ற பார்ம்வில் கேம் 2020 டிசம்பர் 31ல் நிறுத்தப்பட்டது. அந்த வகையில் இன்று பலரும் விரும்பி விளையாடுவது ஸ்டார்ட்யூ வேலி. எரிக் பரோன் என்பவர் தனி ஆளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை.

இதில் பண்ணை பெரியதுதான். ஆனால் கல்லும் மரமும் புதருமாக இருக்கும். பூவாளியால் ஒவ்வொரு கட்டமாகத் தண்ணீர் ஊற்றினால் உங்கள் சக்தி குறையும். எனவே தொடக்கத்தில் பயன்படும் இடம் கொஞ்சமே.

எந்தப் பயிர்?

பார்ஸ்னிப் விதை 20 காசு, விற்பனை 35 காசு, 4 நாள் பயிர். காலிபிளவர் விதை 80, விற்பனை 175, 12 நாள் பயிர். ஒரு பருவத்துக்கு 28 நாட்கள். வசந்தப் பருவத்தில் ஒரே கட்டத்தில் பார்ஸ்னிப் ஆறு முறை எடுத்தால் லாபம் 90 காசு. காலிபிளவர் இரு முறை எடுத்தால் 190 காசு. இடம் குறைவு எனில் காலிபிளவரே மேல்.

கையில் பணம் குறைவு எனில் கணக்கு மாறும். அதே 80 காசுக்கு நான்கு கட்டங்களில் பார்ஸ்னிப் நட்டு, 12 நாளில் மூன்று முறை அறுத்தால் லாபம் 180, காலிபிளவரில் 95தான். எனவே முதலில் பார்ஸ்னிப், பணம் சேர்ந்ததும் காலிபிளவர் என்று மாறவும். 16ஆம் தேதிக்குப் பின் காலிபிளவர் நட வேண்டாம். பருவம் மாறியதும் பட்டுவிடும். 13ஆம் தேதி முட்டைத் திருவிழா என்பதால் விதைக் கடை இருக்காது. முந்தைய நாளே விதை வாங்கி வைக்கவும்.

இடத்தை எப்படிப் பிரிப்பது?

திருந்திய நெல் சாகுபடியில் நாற்றுக்கு நாற்று 25 செ.மீ. இடைவெளி விடுவார்கள். விளையாட்டில் இது தேவையில்லை. நெருக்கி நட்டாலும் விளைச்சல் குறையாது. பயிர்களுக்கு நடுவே நடந்தும் போகலாம். பந்தலில் ஏறும் பீன்ஸ் போன்றவை மட்டும் வழியை மறிக்கும். அவற்றை ஓரத்தில் நடவும்.

தண்ணீர் தெளிப்பான் மூன்று வகை. சாதாரணமானது சுற்றியுள்ள 4 கட்டங்களை நனைக்கும், அடுத்தது 8, இரிடியம் வகை 24. தெளிப்பானுக்கும் ஒரு கட்டம் போவதால், பயிருக்குக் கிடைக்கும் இடம் முறையே 80, 89, 96 சதவீதம்.

எக்ஸெல் இருந்தால் எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து அகலத்தை 2 எனக் கொடுக்கவும். திரை கட்டம் கட்டமாக மாறும். தெளிப்பானுக்கு நீலம், பயிருக்குப் பச்சை, காக்கை விரட்டும் பொம்மைக்குச் சிவப்பு என வண்ணம் கொடுத்துப் பாருங்கள். வீணாகும் கட்டங்கள் பளிச்சென்று தெரியும். எக்ஸெல்லும் பழகிவிடும்.