அப்பாவின் கார்டுக் கடன்: கோவில்பட்டித் தங்கைக்கு ஒரு கடிதம்



அப்பா படுக்கையில் இருக்கிறார், கிரெடிட் கார்டில் ஒரு லட்சத்துக்கு மேல் பாக்கி, அம்மா தன் செயினை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பது என் பதில். இதே தவிப்பில் வேறு வீடுகளும் நம் பக்கம் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கரிசல்காட்டுக்குக் கடன் புதிதில்லை. புரட்டாசியில் விதைப்புக்கு வாங்குவோம்; தை, மாசியில் உளுந்தோ மக்காச்சோளமோ வீடு வந்ததும் அடைப்போம். மழை பொய்த்தால் உரக்கடைக்காரர்கூட அடுத்த வெள்ளாமை வரை பொறுப்பார். கார்டுக்கு வெள்ளாமைக் கணக்கெல்லாம் கிடையாது. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 42. ஒரு லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 3,500 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 630. மினிமம் டியூ என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது 870 ரூபாய்தான். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்புச் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே வட்டியைக் குறைக்க கோர்ட்டை நம்பி உட்கார முடியாது, வங்கியிடம்தான் பேச வேண்டும்.

அதற்கு முன் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். பழைய பாக்கி நிற்கும்போது இன்று வாங்கும் மாத்திரைக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு இப்போதே அலையுங்கள். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

இனி முக்கியமான வேலை. அப்பா நினைவோடு இருக்கும்போதே அவர் பெயரில், அவர் கையெழுத்தோடு வங்கிக்கு ஒரு கடிதம் போக வேண்டும். நோய் இது, வருமானம் நின்றுவிட்டது, வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் நிறுத்தித் தவணையாக்குங்கள், அல்லது ஒரே தொகையாக முடித்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி போதும். டாக்டர் சான்றை இணைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்களோடு பேச வங்கிக்கு அனுமதி தருவதாகவும் அதிலேயே அவர் எழுதட்டும். பவர் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எழுதிக்கொடுத்தவர் நினைவு தவறினாலோ இறந்தாலோ சாதாரண பவர் செல்லாது. கணக்கில் பணம் எடுக்க அவரால் கையெழுத்துப் போட முடியவில்லையென்றால், வங்கி அதிகாரி ஒருவரும் இன்னொரு சாட்சியும் அறிய விரல் ரேகை வைக்க ரிசர்வ் வங்கி விதியில் இடமிருக்கிறது. கைவிரல் முடியாவிட்டால் கால்விரல்கூடச் செல்லும். கிளையில் தெரியாது என்று சொன்னால் மேலாளரைப் பாருங்கள். ஸ்டேட்மென்டுகளையும் ஒருமுறை புரட்டுங்கள். கார்டுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் ஏதாவது பிடித்திருந்தால் அது இந்த நேரத்துக்கானதுதான்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம், செலவில்லை. விவரம் கேட்க எண் 14448. கோவில்பட்டி நீதிமன்றத்தின் வட்ட சட்டப் பணிகள் குழு வழியாக லோக் அதாலத்துக்கும் கொண்டுபோகலாம். சட்ட உதவிக்கு எண் 15100. குறைத்துக் கட்ட வங்கி சம்மதித்தால், அதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சிபில் கெட்டுப்போகும் என்பார்கள். போகட்டும், அப்பா இனி வீட்டுக் கடன் வாங்கப் போவதில்லை.

வசூலுக்கு வருபவர் மகளாகிய உங்களிடம் கையெழுத்துக் கேட்கலாம். போடாதீர்கள். இது அப்பாவின் கடன். அவருக்குப் பிறகு, அவர் விட்டுச்செல்லும் சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. உங்கள் சம்பளத்தையோ அம்மாவின் நகையையோ அது தொடாது. அப்பா பெயரில் உள்ள காடு அதில் சேரும், அதை மறைக்க விரும்பவில்லை. அதற்காக அவசரமாக உங்கள் பெயருக்கு மாற்றினால், கடன்காரரை ஏமாற்றச் செய்தது என்று அந்தப் பத்திரத்தையே கோர்ட் தள்ளிவிடலாம். செக் கொடுப்பதும் கூடாது. கார்டு பாக்கி சிவில் விவகாரம். செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகலாம். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யவோ, குடும்பத்தாரை மிரட்டவோ கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. மீறினால் நேரத்தையும் எண்ணையும் குறித்து வையுங்கள், புகாருக்கு ஆகும்.

நகைக்கடன் வட்டி கார்டு வட்டியை விட மிகக் குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். கணக்கு சரி. அப்பா தேறி மறுபடி வேலைக்குப் போவார் என்று டாக்டர் சொன்னால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து அடைப்பது நல்ல யோசனைதான். அப்படிச் சொல்லவில்லையென்றால், ஈடில்லாத கடனுக்கு அம்மாவின் கடைசிப் பொன்னை ஈடாக வைப்பதாகத்தான் முடியும். அம்மாவின் காலத்துக்கு அவரிடம் வேறென்ன இருக்கிறது?

கார்டை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்கும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதைத் தடுக்க 2003இலேயே சட்டம் வந்தது. ஆனாலும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது கந்துவட்டியால்தான். வங்கிக்காரரைக் கேள்வி கேட்க ஒரு இடமாவது இருக்கிறது.

அப்பாவிடம் இதையெல்லாம் பேசக் கூச்சமாக இருக்கும். கடன் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிப் பழகாத தலைமுறை அது. கோபப்பட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டேட்மென்டைப் படித்துக் காட்டுங்கள். அந்தக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.