எண்ணத்துக்கு ஒரு மேற்கோள் குறி

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள் பதினேழு நாள் என் பையிலேயே கிடந்தன. பள்ளிக்குப் போவேன், கையெழுத்திடுவேன், பாடமும் நடத்துவேன். வீட்டுக்கு வந்தால் பையைத் திறக்க முடியாது. "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று உள்ளுக்குள் ஒரு குரல் தொடங்கிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பசியும் இல்லை. "டென்ஷன் ஆகாதீங்க டீச்சர், நாலு நாள் லீவு போடுங்க" என்றார்கள் சக ஆசிரியர்கள், அன்போடுதான். ஆனால் அது டென்ஷன் அல்ல. பத்தாண்டுகளில் மூன்றாம் முறையாக வந்த மனச்சோர்வு.

மன அழுத்தம், மனச்சோர்வு என்ற இரு சொற்களையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். தமிழாசிரியையான நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். தேர்வுப் பணி முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். மனச்சோர்வு விடுமுறையிலும் கூடவே இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடந்தாலோ, எதிலும் நாட்டமில்லாமல் தூக்கமும் பசியும் கெட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது நோய். அதற்குச் சிகிச்சை உண்டு.

நான் செய்த முதல் தவறு, மருத்துவரிடம் போகும் முன் கைப்பேசியில் ஒரு தியான ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு கண்மூடி உட்கார்ந்தது. இருட்டில் அந்தக் குரல் இன்னும் உரக்கக் கேட்டது. தியானம்கூட வரவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. பிறகு பார்த்த மனநல மருத்துவர், "இப்ப உட்கார வேணாம்மா. மாத்திரை எடுங்க, தூக்கம் வரட்டும், சாயங்காலம் நடங்க" என்றார். ஓரளவு தேறிய பிறகே எட்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்.

மைண்ட்ஃபுல்னஸ் என்று சொல்லப்படும் அந்த முழுக்கவனப் பயிற்சியின் வேர் பௌத்தத் தியான மரபில் இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் 1979இல் அதை நோயாளிகளுக்கான வகுப்பாக அமைத்தார். அதை மனச்சோர்வுக்கென மாற்றியவர்கள் செகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் ஆகிய மூன்று உளவியலாளர்கள். 2000இல் வெளிவந்த அவர்களது ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு 60 வார ஆய்வுக் காலத்துக்குள் நோய் திரும்பியது. பயிற்சியும் பெற்றோரில் அது 37 விழுக்காடு. நோய் தணிந்திருந்த காலத்தில்தான் அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். எரியும் வீட்டில் தண்ணீர்த் தொட்டி கட்ட முடியாது.

எங்கள் பிள்ளையார்குப்பத்திலுள்ள மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் யோகா சிகிச்சைக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. நான் பயின்றது வேறிடத்தில். ஆனாலும் மருந்தும் மூச்சும் ஒரே வளாகத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றைப் பிடிக்க மற்றொன்றை விட வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. மாத்திரையை நிறுத்துவதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதல் வாரம் ஒரு உலர்திராட்சையை ஐந்து நிமிடம் பார்த்து, முகர்ந்து, மென்று தின்னச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மணியடிப்பதற்குள் டிபன் பாக்ஸைக் காலி செய்து பழகியவள் நான்! நான்காம் வாரத்தில்தான் விஷயம் பிடிபட்டது, அதுவும் இலக்கணத்தின் வழியாக. "நான் லாயக்கில்லாதவள்" என்பதை இதுவரை செய்தி வாக்கியமாகவே படித்துவந்தேன். இப்போது அதற்கு மேற்கோள் குறி போட்டேன். 'நான் லாயக்கில்லாதவள்' என்று ஓர் எண்ணம் வருகிறது. அவ்வளவுதான். அதை மறுத்து வாதாடவில்லை, விரட்டவில்லை. யாரோ சொன்னதை எடுத்துச் சொல்வதுபோல் ஆக்கினேன். முன்பு அந்த ஒரு வரியிலிருந்து இரவு முழுதும் கட்டுரை நீளும். இப்போது பெரும்பாலும் ஒரு பத்தியோடு நிற்கிறது.

நாள்தோறும் செய்வது மூன்று நிமிடம். முதலில், இப்போது மனதிலும் உடலிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அடுத்து, மூச்சு வயிற்றில் ஏறி இறங்குவதை மட்டும் கவனிப்பது. பிறகு அந்தக் கவனத்தை உடல் முழுவதற்கும் விரிப்பது. கண்ணை மூட வேண்டியதில்லை. மனம் ஓடினால் திட்டாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளையை வரிசைக்குக் கூட்டி வருவதுபோல.

உடனே இதை மாணவர்களுக்கு நடத்தலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மிரியட் ஆய்வின் முடிவு 2022இல் வெளிவந்தது. பதின்வயதினரின் மனச்சோர்வைத் தடுப்பதில், வழக்கமான வகுப்புகளைவிட இப்பயிற்சி மேலானதாக இல்லை. பலர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆனால் பயிற்சி முடிந்த கட்டத்தில் ஆசிரியர்களின் பணிச்சோர்வு குறைந்திருந்தது. ஓராண்டில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எனவே வகுப்பில் எல்லாரையும் கண்மூடச் சொல்வதை விட்டுவிட்டேன். வீட்டில் அடிவாங்கி வந்த பிள்ளைக்குக் கண்மூடினால் என்ன தெரியும் என்பதும் நமக்குத் தெரியாதல்லவா? பதிலாக, திடீரென அமைதியாகிவிட்ட பிள்ளைகளைக் கவனிக்கிறேன், தனியே அழைத்துப் பேசுகிறேன்.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் நமக்கோ சக ஆசிரியருக்கோ மாணவருக்கோ வந்தால் அது மூன்று நிமிடப் பயிற்சிக்கான நேரம் அல்ல. அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். எங்கள் ஓய்வறைச் சுவரில் மணி அட்டவணைக்குப் பக்கத்தில் இந்த எண்ணை ஒட்டிவைத்திருக்கிறேன்.

மதிய இடைவேளை முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புக்கு வெளியே தூணருகில் சற்று நிற்பது என் வழக்கம். போன வாரம் ஒரு மாணவி எட்டிப் பார்த்து, "என்னம்மா தேடுறீங்க, சாக்பீஸா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி உள்ளே போனேன். விடைத்தாள்கள் கையில் இருந்தன, திருத்தி முடித்து.