குழம்பைப் பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுங்கள்

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நெருங்கினால், பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ஒயின் அருந்தும் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: ஆட்டுப் பெரட்டலுக்கும் நண்டுக் கறிக்கும் எதை ஊற்றுவது? பலரும் சிவப்பு ஒயினைக் கைகாட்டுவார்கள். மணமும் மிதமான இனிப்பும் கொண்ட வெள்ளை ஒயின்தான் நம் சமையலுக்கு அதைவிட நெருங்கிய உறவு. அதைப் பற்றி உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: இறைச்சி என்றால் சிவப்பு ஒயின்தான்.

உண்மை: உப்பும் மிளகும் மட்டும் தூவிச் சுட்ட இறைச்சிக்கு அந்த விதி சரி. பெரட்டலில் நாக்கு முதலில் சந்திப்பது மிளகாயை. மிளகாயிலுள்ள காப்சைசின் எந்த உணர்வியைத் தூண்டி எரிச்சல் தருகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டும். சிவப்பு ஒயினில் 13, 14 விழுக்காடு ஆல்கஹாலோடு டானினின் துவர்ப்பும் சேர, வாய் இன்னும் எரியும், ஒயின் கசக்கும். இனிப்பும் குளிர்ச்சியும் காரத்தைத் தணிப்பவை. ரீஸ்லிங் என்னும் வெள்ளை ஒயினில், இனிப்பு மிச்சமுள்ள ஜெர்மானிய ‘கபினெட்’ வகையில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 விழுக்காடுதான். 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஊற்றுங்கள்.

நம்பிக்கை 2: மணம் இனித்தால் ஒயினும் இனிக்கும்.

உண்மை: கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்னும் வெள்ளை ஒயின் உள்ள கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் லைச்சி மணக்கும். லைச்சிப் பழத்திலுள்ள ‘ரோஸ் ஆக்சைடு’ என்னும் மணப்பொருள் அந்த ஒயினிலும் இருப்பதே காரணம். ஆனால் சர்க்கரைக்கு மணம் கிடையாது. லைச்சி மணக்கும் ஒயின் துளியும் இனிக்காமல் போகலாம். எனவே வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். ஜெர்மானியப் புட்டியில் ‘ட்ரோக்கன்’ என்றால் இனிப்பில்லாதது. ‘லீப்லிஷ்’ என்றால் மிதமாக இனிப்பது; லிட்டருக்கு 45 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். பிரான்சின் அல்சாஸ் பகுதியில் 2021 அறுவடையிலிருந்து இனிப்பின் அளவைச் சீட்டில் குறிப்பிடுவது கட்டாயம்.

நம்பிக்கை 3: இவ்வகை ஒயின் எல்லாக் குழம்புக்கும் ஒத்துப்போகும்.

உண்மை: புளி குறுக்கே நிற்கும். கெவுர்ட்ஸ்ட்ராமினரில் புளிப்பு குறைவு. புளி தூக்கலான மீன் தலைக் கறியோடும் ரசத்தோடும் அது சப்பென்றாகிவிடும். அங்கே புளிப்பு மிகுந்த ரீஸ்லிங்தான் தாக்குப்பிடிக்கும். தேங்காய்ப்பால் நண்டுக் கறிக்கும், பட்டையும் ஏலமும் மணக்கும் கோழிக் குருமாவுக்கும் கெவுர்ட்ஸ்ட்ராமினரைத் திறக்கலாம். நாம் அரைக்கும் கொத்தமல்லி விதையின் மணத்துக்குக் காரணமான லினலூல் இந்த ஒயின்களிலும் உண்டு. அதனால்தான் மசாலாவும் ஒயினும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. இறைச்சி எது என்பதைவிடக் குழம்பில் புளியா, தேங்காயா என்று பாருங்கள்.

நம்பிக்கை 4: இனிப்பான ஒயினில் போதை குறைவு.

உண்மை: இதுதான் ஆபத்தான நம்பிக்கை. ‘கபினெட்’ போன்ற சிலவற்றில் ஆல்கஹால் குறைவுதான்; ஆனால் இனிப்பு ஆல்கஹாலை மறைக்குமே தவிர, குறைக்காது. 13 விழுக்காடுள்ள ஒயின் 150 மில்லி அருந்தினால் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால் உள்ளே போகும். 5 விழுக்காடுள்ள பீர் 330 மில்லியில் இருப்பது சுமார் 13 கிராம். வண்டி ஓட்டுபவர் தொடவே வேண்டாம். மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

மதுவைப் பற்றிய எச்சரிக்கை நமக்குப் புதிதல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்பது. புட்டி அழகாகிவிட்டதால் அந்த எச்சரிக்கை பழசாகிவிடவில்லை. அருந்துபவர் ஒரு கோப்பையோடு நிறுத்தட்டும். அருந்தாத விருந்தினருக்கு எந்தக் குறையும் இல்லை: மோரிலுள்ள கேசீன் புரதம் காப்சைசினைப் பற்றி நாக்கிலிருந்து விலக்கிவிடும். காரத்தைத் தணிப்பதில் எந்த ஒயினும் மோருக்கு ஈடாகாது. உபசரிப்பு மேசையில் முதலில் மோரை வையுங்கள்.