இரு தொட்டிப் பிக்-அப்: பெட்ரோல் மாறாதபோது செய்ய வேண்டியவை

நள்ளிரவில், பேறுகால வேதனையுற்ற தாய் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு தோட்டத்துப் பழைய பிக்-அப் மருத்துவமனைக்கு விரைகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்தொட்டி வற்றுகிறது. ஓட்டுநர் சுவிட்சைப் பின்தொட்டிக்குத் தள்ளுகிறார். அளவுகாட்டியின் முள் 'நிறைவு' எனக் காட்டுகிறது. ஆயினும் இயந்திரம் திணறி நின்றுவிடுகிறது. பெட்ரோல் இருந்தும் பயனில்லை. இந்நிலை நேராதிருக்க, பழுதை முன்கூட்டியே கண்டறியும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

அமைப்பு

1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ட், செவ்ரோலே பிக்-அப்கள் பலவற்றில் இரண்டு தொட்டிகள் இருந்தன. கார்புரேட்டர் பொருத்திய வண்டிகளில் இத்தொட்டிகளை மாற்றுவது, சட்டத்தில் பொருத்தப்பட்ட ஆறு வழி மின்வால்வு. இரண்டு வழிகள் தொட்டிகளிலிருந்து பெட்ரோலைப் பெறுகின்றன. இரண்டு வழிகள் மீதப் பெட்ரோலைத் தொட்டிகளுக்குத் திருப்புகின்றன. எஞ்சிய இரண்டும் இயந்திரத்தோடு இணைகின்றன. சுவிட்சைத் தள்ளும்போது வால்வினுள் இருக்கும் சிறு மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் திசை மாறுகிறது.

இங்கு ஓர் உண்மையை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்: முள் மாறியது என்பதனால் பெட்ரோலும் மாறிவிட்டது என்று கொள்ளக் கூடாது. முள்ளின் வழி வேறு, பெட்ரோலின் வழி வேறு.

சோதிக்கும் முறை

1. இயந்திரத்தை அணைத்து, சாவியை மட்டும் திருப்புங்கள். ஒருவர் சுவிட்சைத் தள்ள, மற்றவர் வால்வின் அருகே செவிமடுக்க வேண்டும். மோட்டார் சுழலும் சிற்றொலி கேட்டால், வால்வுக்கு மின்சாரம் வருகிறது.

2. ஒலி இல்லையேல், முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாயிருந்தால், வால்வுக்குச் செல்லும் இரு மோட்டார்க் கம்பிகளில் மின்னளவியை வையுங்கள். சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கையில் கூட்டல் குறியும், மறுபக்கம் தள்ளுகையில் கழித்தல் குறியும் தோன்ற வேண்டும். அவ்வாறு தோன்றினால் பழுது வால்வில் உள்ளது. எதுவும் தோன்றாவிடில் பழுது சுவிட்சிலோ கம்பியிலோ இணைப்பிலோ உள்ளது.

3. மோட்டார் சுழன்றும் பெட்ரோல் வரவில்லையெனில், அத்தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, பின் வண்டி சீராக ஓடினால், தொட்டியின் காற்றுவழி அடைபட்டுள்ளது.

4. அதுவும் சரியெனில், தொட்டிக்கும் வால்வுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பம்ப் வெடிப்பின் வழியே காற்றை உறிஞ்சினால் பெட்ரோல் ஏறாது. வெடிப்பு இல்லையேல், தொட்டியினுள் இருக்கும் வடிகட்டியில் துருவும் கசடும் அடைத்திருக்கலாம். வால்வு பாதியில் சிக்கியிருத்தலும் உண்டு.

5. ஒரு தொட்டியிலிருந்து ஓட்டும்போது மற்றதில் அளவு உயர்ந்தால், மீதப் பெட்ரோல் தவறான தொட்டிக்குத் திரும்புகிறது. அத்தொட்டி நிரம்பி வழிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. உடனே வண்டியைப் பட்டறையில் விடுங்கள்.

எச்சரிக்கை

குழாய்களைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையை விலக்குங்கள். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். அருகில் எவரும் புகைக்க வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை அறவே விட்டொழியுங்கள். அது நுரையீரலைக் கெடுக்கும். புதிய வால்வைப் பொருத்துமுன் ஒவ்வொரு குழாயிலும் அடையாளச் சீட்டைக் கட்டுங்கள். இடம் மாறினால் புதிய தொல்லை தொடங்கும்.

பழுது வருமுன் காத்தல்

நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பசைபோல் படிந்து வழிகளை அடைக்கும். ஆகவே வாரம் ஒரு முறையேனும் இரு தொட்டிகளிலும் மாறி மாறி ஓட்டுங்கள். பகலில், தோட்டத்துச் சாலையில் அவ்வாறு சோதித்தறிந்த ஓட்டுநருக்கு இரவுப் பயணத்தில் கலக்கம் இராது.

சிந்திக்க: முள் நிறைவைக் காட்டியும் வண்டி நின்றால், முதலில் எதனைச் சோதிப்பீர்கள்? ஏன்?