ஆர்எக்ஸ் 100-ஐத் தடை செய்தது யார்?

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியச் சந்தைக்கு 1985-இல் வந்தது. 1996-இல் உற்பத்தி நின்றது. 98 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைத்திறன், ஏறத்தாழ நூறு கிலோ எடை. இந்தக் குறைந்த எடைதான் அதன் பாய்ச்சலுக்குக் காரணம்.

அது நின்றுபோனதற்கு மெக்கானிக் கடைதோறும் ஒரே கதை உலவுகிறது. சங்கிலி பறிப்பவர்கள் இந்த வண்டியில் பறந்தார்களாம். போலீஸ் ஜீப்பால் துரத்திப் பிடிக்க முடியவில்லையாம். அதனால் அரசே தடை போட்டுவிட்டதாம். அப்படி ஓர் அரசாணையே கிடையாது. கதை சொல்பவரிடம் ஆணையின் தேதியைக் கேட்டால் பேச்சு மாறிவிடும். அதே நிறுவனம் அதைவிட வலிமை கூடிய 132 சிசி ஆர்எக்ஸ் 135-ஐ 2005 வரை விற்றது. திருடனுக்கு அஞ்சிச் சின்ன வண்டியை நிறுத்திய அரசு, பெரிய வண்டியை மட்டும் எப்படி விட்டுவைத்தது?

'டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கே தடை' என்பது இதே கதையின் இன்னொரு வடிவம். ஓசூரின் டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் டூ ஸ்ட்ரோக்தான். 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தபோதும் அது கடையில் இருந்தது. வாழைத்தாரும் தண்ணீர்க் குடமும் சுமந்து ஊரெல்லாம் ஓடிய வண்டி எப்படிக் கண்ணில் படாமல் போனதோ! நீதிமன்றம் தலையிட்டு டூ ஸ்ட்ரோக் வண்டிகளை அகற்றச் சொன்னதுண்டு. அது 2008-இல், கொல்கத்தாவில், ஆட்டோக்களை.

உண்மைக் காரணம் புகை. இருசக்கர வாகனம் கிலோமீட்டருக்கு 4.5 கிராம் கார்பன் மோனாக்சைடு வரை வெளியிடலாம் என்றது 1996-இன் விதி; 2000-இல் அது 2 கிராமாகச் சுருங்கியது. எரியாத ஹைட்ரோகார்பனுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் சேர்த்து இருந்த வரம்பு 3.6-லிருந்து 2 கிராமானது. எத்தனை ஸ்ட்ரோக் என்று விதி கேட்கவில்லை. ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கலவை நுழையும் துளையும் புகை வெளியேறும் துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். கூடவே பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயிலும் புகையும். ஆர்எக்ஸ் 135-க்குக் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்த வேண்டியிருந்தது. வாங்குபவர்களும் மாறிவிட்டார்கள்: 1985-இலேயே வந்துவிட்ட ஃபோர் ஸ்ட்ரோக் ஹீரோ ஹோண்டா சிடி 100 தரும் மைலேஜ் அவர்களை இழுத்தது.

சில்லறை நம்பிக்கைகளும் உண்டு. ஆர்எக்ஸ் 100 கலப்பற்ற ஜப்பானிய மரபு என்பார்கள். யமஹாவின் முதல் பைக்கான 1955-இன் ஒய்ஏ-1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125-ஐப் பார்த்துச் செய்யப்பட்டது. ஆயில் கூடினால் எஞ்சின் உழைக்கும் என்பார்கள். கூடுதல் ஆயில் பிளக்கையும் சைலன்சரையும் கரியால் அடைக்கும்.

சைலன்சரை அறுத்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையைத்தான் மன்னிக்க முடியாது. டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் உட்பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியேறப் பார்க்கும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த வடிவத்தைக் குலைத்தால் இழுவை குறையும், சத்தம் மட்டும் கூடும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதிப்படி சைலன்சர் கட்டாயம். தெருவையே எழுப்பும் இந்த வண்டிகளுக்கு அபராதத்தோடு நிறுத்தாமல், பழைய சைலன்சரை மாட்டிக் காட்டும்வரை ஆர்சி-யைப் பிடித்துவைக்க வேண்டும்.